கன அடி

டிசம்பர் தொடங்கி பிப்ரவரி முடிய
நானூற்று எண்பத்தாறு பவுண்ட்.
முதலில் புள்ளியைத்தான் தேடினேன்,
இடம் மாறி உட்கார்ந்துவிட்டதோ என்று.
அது தன் இடத்தில்தான் இருந்தது.

டண்டியில் மூன்றாம் மாடி, வாடகை வீடு.
இரண்டு ரேடியேட்டர்.
ஒன்று சுமாராகச் சுடும்,
மற்றது மேலே கொதிக்கும், கீழே சவம்.
சன்னல் இடுக்கில் நான் திணித்த செய்தித்தாளில்
முந்தின வருடத்துத் தேர்தல் இன்னும் ஈரமாக இருக்கிறது.
இதற்கா நானூற்று எண்பத்தாறு?

"பழைய கட்டடம், அப்படித்தான்" என்றார்
வீட்டுக்காரர் ஆக்டர்லோனி,
பின்னால் யாரோ கோல்ஃப் பந்தை அடிக்கும் சத்தத்தோடு.

பிறகு ரோனாவிடம் கேட்டேன்.
கேட்டேன் என்பது நாகரிகமான சொல்.
டே ஆற்றில் நீந்திவிட்டு வந்து
அவள் வெந்நீருக்கடியில் நிற்கும் நிமிடங்களை
குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று எண்ணினேன்.
பதினேழு. பத்தொன்பது.
ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபத்துநான்கு.
எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்,
பால் வாங்க வேண்டும் என்ற சீட்டுக்குப் பக்கத்தில்.
அவள் படித்தாள்.
பேனா எடுத்து, இருபத்துநான்கை அடித்து
இருபத்துமூன்று என்று திருத்தினாள்.
வெள்ளிக்கிழமை ஆர்புரோத்துக்கு
அக்கா வீட்டோடு போய்விட்டாள்.

மார்ச் முழுக்க பாய்லரைத் தொடவில்லை.
பல் ஆய்வகத்தில் எனக்கு வேலை.
பகலெல்லாம் யார் யார் வாய்க்கோ
மேல்வரிசை கீழ்வரிசை வார்க்கிறேன்.
இரவில் என் சொந்தப் பல் தந்தியடித்தது.
ஆள் இல்லாத வீட்டில், அடுப்பும் பற்றாத வீட்டில்
அடுத்த பில்லும் ஏறித்தான் வந்தது.
யாரைச் சொல்ல, இனி?

மாடிப்படிக்கடியில் மீட்டர் அலமாரி.
கீழ்வீட்டு டூகி, மீன் கடையில் இருப்பவன்,
டார்ச் பிடித்தான். கை முழுக்க ஹேடக் வாசம்.
எல்லாவற்றையும் அணைத்துவிட்டு
கடைசிச் சிவப்பு எண்ணையே பார்த்திருந்தோம்,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, அரை மணி நேரம்.
அசையவில்லை. கசிவு இல்லை.
மீட்டர் எண்ணும் பில்லில் உள்ளதேதான்.
"அப்போ பேய்" என்றான் டூகி, எழுந்து முழங்காலைத் தட்டினான்.
டார்ச் வெளிச்சம் ஒரு நொடி சாய்ந்தது.

எண்களுக்குப் பக்கத்தில்
எறும்பின் கால் அளவு எழுத்து: கன மீட்டர்.
பில்லைத் திருப்பினேன்.
பின்பக்கம், யாரும் படிக்காத நாலாவது வரி:
நூறு கன அடி.
அடிதான். கனமாகவே விழுந்திருக்கிறது.

செப்டம்பரில் ஒருவன் வந்து மீட்டரை மாற்றினான்.
ஏட்டில் எண்ணை மாற்றினார்கள், அளவை மறந்தார்கள்.
நாங்கள் எரித்த ஒன்றை
இரண்டே முக்காலும் சொச்சமுமாக எண்ணியிருக்கிறார்கள்,
கண்ணாடி வழியே எங்கள் குளிரைப் பார்த்தபடி.

ஐம்பத்தொரு நிமிடம் காத்திருந்து
கார்டிஃபிலிருந்து பெத்தான் என்றொரு குரல் கிடைத்தது.
பணம் திரும்ப வரும், பத்து வேலை நாட்களில்.
ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறார்கள்.
வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாள்.
இரண்டு புள்ளி எட்டு மூன்றால்
இன்னொரு கணக்கையும் வகுக்க வேண்டும் என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை, பாவம்.
நானே வகுத்தேன், சீட்டின் ஓரத்தில்:
இருபத்துமூன்று நிமிடம் எட்டாகிறது.
ஆற்றிலிருந்து வந்த உடம்பு
விரல்களை உணர அதற்குமேல் ஆகும்.

'மீட்டர்தான் தப்பு' என்று ரோனாவுக்கு அனுப்பினேன்.
இரண்டு டிக் விழுந்தது.
நீலமாகவும் ஆனது. அவ்வளவுதான்.

பாய்லரைப் போட்டேன்.
குழாய்கள் சுவருக்குள் சொடக்குப் போட்டன.
நெடுநேரம் குளித்தேன்,
எத்தனை நிமிடம் என்று
கதவுக்கு வெளியே எண்ண யாரும் இல்லை.
கொக்கியில் தொங்கிய துவாலை
அவள் விட்டுப்போனது. இன்னும் உப்பு வாசம்.
அதில் துடைக்கலாமா என்று யோசித்து
ஈரமாகவே நின்றேன்.